பொட்டு வைத்த டிஸ்க்

செவ்வாய், இரவு.

அம்பத்தூர் பட்டறைக் கம்ப்யூட்டரில் பழைய ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது என்று நான்தான் புதுசு வாங்கச் சொன்னேன். முதலாளி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக் கொடுத்தார். பழையதை அப்படியே அதில் நகலெடுத்து மாட்டினேன். பழையதைக் கழற்றாமல் விட்டேன், முட்டாள். நகலில் டிஸ்க்கின் அடையாள எண்ணும் அதேதான். ஆன் செய்தால் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் அந்த எண்ணைத் தேடி, முதலில் கிடைக்கிற பழைய டிஸ்க்கையே எடுத்துக்கொள்கிறது. இன்றுதான் கவனித்தேன். மூன்று நாள் டிராயிங் எல்லாம் பழையதில்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பெட்டிக்குள் பழையதிலிருந்து கடகடவென்று சத்தம். முதலாளி பூரித்துப்போனார்.

"புதுசு இன்னா சவுண்டு உடுது பாத்தியா, நைனா!"

"ஆமா மொதலாளி" என்றேன்.

இப்போது நைட் ஷிஃப்ட் அந்தப் பழையதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.