கை காட்டியவன்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. என் மகள் பாப்பா வேலைக்குப் போகும் முன், படுக்கையில் கிடக்கும் தன் அம்மாவைக் குளிப்பாட்டி, தலை சீவி, சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போனாள்.

நான் சொல்லச் சொல்ல மாடி வீட்டு டைப்பிஸ்ட் அம்மா இதை எழுதுகிறார். எனக்கு எழுத்து வராது, ஞாபகம் வரும். "உங்க பேச்சைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதிக்கறேன்" என்றார். சரி, ஆனால் நான் யாரையாவது திட்டினால் அதை மட்டும் ஒழுங்குபடுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் பாப்பா ஒரு செய்தியோடு வந்தாள். வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனைக் கூடத்துக்கே அவளைத் தலைவியாகப் போட்டிருக்கிறார்களாம். ஏப்ரலில் சேர வேண்டும். முப்பத்தெட்டு வயதுப் பெண்ணை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். "ரொம்ப சந்தோஷம்" என்றேன். இரண்டு பேரும் கட்டிலைப் பார்த்தோம்.

மார்ச் 6, வியாழன்

என் மூத்த மகன் பெரியவனுக்குப் பாப்பா போன் போட்டுக் கொடுத்தாள். "நியாயமா உக்காந்து யோசிச்சு முடிவு பண்ணலாம்ப்பா" என்றான். நியாயமா என்று அவன் ஆரம்பித்தாலே நான் உஷாராகிவிடுவேன். இன்சூரன்ஸ் ஆபீஸ்காரன். இழப்பீடு கேட்டு வருகிறவர்களை நியாயமாகத் திருப்பி அனுப்புவதுதான் அவன் பிழைப்பு.

மார்ச் 9, ஞாயிறு

பெரியவன் வந்தான், பஸ் ஓட்டும் சின்னவனும் வந்தான். மூன்று பிள்ளைகளும் என் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியவன் விரல் விட்டு அடுக்கினான். அவனுக்குப் படிக்கிற பிள்ளைகள். சின்னவனுக்கு நேரம் கெட்ட நேரத்தில் டூட்டி. பாப்பாவுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆகவே, நியாயமாகப் பார்த்தால்...

பாப்பா கேட்டாள்: "பெரியண்ணா, இதே வேலை உனக்கு வந்திருந்தா இப்படிக் கூட்டம் போட்டிருப்பியா? கேக் வாங்கிட்டு வந்திருப்ப."

"அது வேற."

"என்ன வேற?"

"எமோஷனலா பேசாத பாப்பா. லாஜிக்கா பேசு."

சின்னவன் செல்போனைத் தடவிக்கொண்டே, "அவன் சொல்றதும் சரிதானே" என்றான். அவனுக்கு எப்போதும் கடைசியாகப் பேசியவன் சொன்னதுதான் சரி.

எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பெரியவன் முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டு, காரணங்களை வழியில் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

அப்போதுதான் கிடங்கு ஞாபகம் வந்தது. நான் மூட்டை தூக்கிய காலத்தில் தினமும் காலையில் வேலையைக் கூறு போடுவோம். பஞ்சுப் பொதி லேசு. உப்பு கனம். மிளகாய் மூட்டை என்றால் கண்ணும் மூக்கும் அன்றைக்கு நம்முடையது இல்லை. ஒருத்தன் எல்லாவற்றையும் கலந்து சமமாகக் கூறு பிரிப்பான். இன்னொருத்தன் சுவரைப் பார்த்து நிற்பான். மூன்றாவது ஆள் ஒரு கூறைக் கை காட்டி "யாருக்கு?" என்பான். சுவரைப் பார்த்தவன் வாயில் எந்தப் பெயர் வருகிறதோ அவனுக்கு அந்தக் கூறு. பிரிக்கிறவனுக்குத் தனக்கு எது விழும் என்று தெரியாது. அதனால்தான் ஒழுங்காகப் பிரிப்பான். அடிதடிக்குப் பேர்போன கும்பல் அது. இதில் மட்டும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

அதைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு அப்படியே செய்வோம் என்றேன். பெரியவன் மறுப்பான் என்று நினைத்தேன். "நல்ல ஐடியாப்பா" என்றான். "நானே கூறு பிரிச்சு எடுத்துட்டு வர்றேன்."

மார்ச் 16, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன், டைப்பிஸ்ட் அம்மா நிதானமாக எழுதட்டும்.

பெரியவன் மேஜையில் மூன்று பொருள்களை வைத்தான். ஒரு துண்டு, ஒரு மருந்து டப்பா, ஸ்கேன் படம் வைத்த ஒரு கவர். கவர் விழுந்தவர் மாதம் ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். டப்பா விழுந்தவர் மருந்து வாங்கித் தர வேண்டும். துண்டு விழுந்தவர் வீட்டில் வைத்துக்கொண்டு ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, ராத்திரி எழுந்திருப்பது, பாக்கி எல்லாம்.

இது கூறா? முழுக் கிடங்கையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு இரண்டு வெறும் சாக்கை இந்தப் பக்கம் வைத்த மாதிரி இருந்தது. இவ்வளவு தைரியமாக ஒருத்தன் பிரிக்கிறான் என்றால் தனக்கு எது வராது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எப்படித் தெரியும்?

உடனே விடை கிடைத்தது. "பேரு சொல்றது அம்மாவே சொல்லட்டும். சுவரைப் பார்த்துத்தானே படுத்திருக்காங்க. அவங்களைவிட நியாயமான ஆள் யாரு?"

பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். வலப்பக்கம் செத்துவிட்டது. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம். தாகம் என்றாலும் "பாப்பா." வலி என்றாலும் "பாப்பா." என்னைப் பார்த்தாலும் "பாப்பா." இது அவனுக்குத் தெரியாதா? அயோக்கியப் பயல். படுத்துக் கிடக்கிற அம்மாவைச் சீட்டாட்டத்தில் இறக்குகிறான்.

சின்னவன் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். பாப்பா துண்டையே பார்த்தாள். ஆனாலும் "சரி" என்றாள். பெரியவனோடு வந்திருந்த பெரிய மருமகள் எல்லோருக்கும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"கை காட்டுறது நான்" என்றேன்.

"தாராளமா."

நான் மருந்து டப்பாவின் மேல் விரலை வைத்தேன். "யாருக்கு?"

"பாப்பா" என்றாள் என் வீட்டுக்காரி.

பெரியவன் எழுந்து நின்றுவிட்டான். "அப்பா, முதல்ல துண்டைத்தானே..."

"அப்படின்னு யாரு சொன்னா?"

மிச்சம் இரண்டு பேர், இரண்டு கூறு. இனி பாப்பாவுக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அவளைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துத் துண்டைக் காட்டினேன். "பெரியண்ணனுக்கு" என்றாள். கவர் சின்னவனுக்கு.

"இது ஏமாத்து வேலைப்பா!"

"கூறு நீ போட்டது. பேரு சொன்னது உன் அம்மா. நான் விரலைத்தானேடா நீட்டினேன்?"

மார்ச் 17, திங்கள்

ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 18, செவ்வாய்

நடந்ததை இன்னொரு தடவை ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். டைப்பிஸ்ட் அம்மா பேனாவை மூடினார்.

"அவர் ஏமாத்தப் பார்த்தார். நீங்க அவரைவிட நல்லா ஏமாத்தினீங்க. அவ்வளவுதானே?"

அவன் வினையை அவனுக்கே திருப்பினேன், அது நியாயம்தானே என்றேன். பேனாவைத் திரும்பத் திறந்தார். "நீங்க எந்தக் கூறுல இருந்தீங்க?" என்று கேட்டார்.

நான் கை காட்டுகிறவன். கை காட்டுகிறவனுக்கு எப்படிக் கூறு வரும்? அதை எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

மார்ச் 30, ஞாயிறு

பாப்பா ஊருக்குப் போனாள். பஸ் கிளம்பும்வரை, டப்பாவில் என்னென்ன மாத்திரை எந்தெந்த வேளைக்கு என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

ஆம்புலன்ஸ் வந்து என் வீட்டுக்காரியைப் பெரியவன் வீட்டுக்குக் கொண்டுபோனது. கட்டிலும் போய்விட்டது. நாலு கால் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்துக் கிடக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். சுத்தமான விரிப்பு, வெட்டிய நகம், ஜன்னல் பக்கம் கட்டில். "நான் பாத்துக்கறேன்ல?" என்றான் பெரியவன். என் பிள்ளையைத் தப்பாக எடைபோட்டுவிட்டேனோ என்று திரும்பி வரும்போது வழியெல்லாம் எனக்கே வெட்கமாக இருந்தது.

மே 11, ஞாயிறு

வெட்கப்பட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அவளுக்கு முதுகில் படுக்கைப் புண் வந்திருக்கிறது என்றான் பெரியவன். "எந்தப் பக்கம்டா?" என்று கேட்டேன். அவன் சோபாவிலிருந்து அசையாமல் சமையலறையைப் பார்த்துக் கத்தினான். "ஏய், அம்மாவுக்கு எந்தப் பக்கம் புண்ணு?"

"இடது பக்கம். ஆறிட்டு வருது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இடது பக்கம்ப்பா" என்றான் என்னிடம். தானே கண்டுபிடித்தவன் மாதிரி.

மே 12, திங்கள்

கிடங்கில் அந்த வழக்கம் ஏன் பொய்க்கவில்லை? ராத்திரி முழுக்க இதே யோசனை. எங்கள் மூளையா? எங்களில் பாதிப் பேருக்கு அது கிடையாது. யார் யார் தூக்கப் போகிறார்களோ அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். அவ்வளவுதான் விஷயம். இங்கே மேஜையைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்தோம், தூக்கப் போகிறவள் டீ வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவளை யாரும் ஒளித்துவைக்கவில்லையே. என் கண் முன்னால்தானே டம்ளரை வைத்தாள்? எனக்கு ஏன் தெரியாமல் போச்சு? பெரியவனின் தந்திரம் அவ்வளவும் தெரிந்தது. இது தெரியவில்லை. கண்ணு அவிஞ்சு போச்சா எனக்கு?

மே 18, ஞாயிறு

பெரியவன் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். மருமகள் அவளைப் புரட்டிப் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தாள். கையில் டெட்டால் வாசனை. தோல் வெடித்திருந்தது.

"கம்பெனிக்குப் போகலையாம்மா இன்னிக்கு?" என்றேன். உடுப்பு தைக்கிற கம்பெனியில் மெஷினில் உட்காருகிறவள். ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

"ஒன்றரை மாசமா லீவு போட்டிருக்கேன் மாமா. சம்பளம் இல்லாத லீவு."

பிறகு, என்னைப் பார்க்காமல், பஞ்சைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "நாத்தனாருக்கு வந்த அதே மார்ச்லதான் எனக்கும் வந்துச்சு. சூப்பர்வைசர். பதினாறு வருஷம் உக்காந்து தைச்சதுக்கு."

"நீ சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்ப மாமா? டீ குடுக்கும்போதா?"

பஞ்சைப் புண்ணின் மேல் வைத்து ஒட்டினாள்.

"உங்க பிள்ளைகிட்ட அன்னிக்கு ராத்திரி சொன்னேன். 'அப்பா ஏமாத்திட்டார், நான் என்ன பண்றது'ன்னாரு. உங்ககிட்ட தோத்த ஆத்திரம் அவருக்கு. தோத்தது அவரு, துண்டு எங்கிட்ட."

மே 19, திங்கள்

சின்னவனிடம் பேசினேன். திரும்பக் கூறு போடலாம், எல்லோரையும் வைத்துப் போடலாம் என்றேன். "முடிஞ்சதை ஏன்ப்பா கிளர்றீங்க? நான் மாசாமாசம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்ல, என் பங்கு சரியாத்தானே நடக்குது" என்றான். அவன் கணக்கு சுத்தம்.

பெரியவன், "இப்பதான் வீடு ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கு" என்றான்.

பாப்பாவிடம் சொன்னேன். "அண்ணி பாவம்ப்பா. எனக்குத் தெரியும். ராத்திரியில நினைச்சுக்குவேன்." பிறகு கேட்டாள்: "நான் திரும்பி வரணுமாப்பா?"

வேண்டாம் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, பட்டென்று வந்தது. அவள் என் மகள், இவள் மருமகள். அவ்வளவுதான் அந்தப் பதிலில் இருந்தது. பெரியவனுக்காவது அடுக்குவதற்குக் காரணங்கள் இருந்தன.

மே 20, செவ்வாய்

இந்த வயதிலும் ஒரு சாக்கு சிமெண்டை மாடிக்கு ஏற்றுவேன். என் வீட்டுக்காரி அந்தக் கனம்கூட இல்லை.

மே 26, திங்கள்

பெரியவன் வீட்டுக்குப் போய், இனி பகல் முழுக்க நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பெரியவன் சிரித்தான். "உங்களுக்கு ஒரு டம்ளர் கழுவத் தெரியுமாப்பா?" மருமகள் சிரிக்கவில்லை. தண்ணீரைச் சூடு பண்ணிக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

நாற்பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியவளை எங்கே பிடித்தால் வலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. முழங்கையைப் பிடித்தேன், அலறிவிட்டாள். மருமகள் வந்து என் கையை எடுத்துத் தோளுக்குக் கீழே வைத்தாள்.

உடம்பு துடைத்து முடித்ததும் சொன்னேன்: "நாளையிலேருந்து நீ வேலைக்குப் போம்மா. அந்த சூப்பர்வைசர் வேலையைக் கேளு."

"அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சு மாமா. எங்கிட்ட வேலை கத்துக்கிட்ட பொண்ணு."

ஜூன் 16, திங்கள்

தினமும் முதல் பஸ்ஸில் போகிறேன். மருமகள் பழைய மெஷினுக்கே திரும்பிவிட்டாள், அந்தப் பெண்ணுக்குக் கீழே. நான் போய்ச் சேரும்போது செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். 'வாங்க' என்று சொல்வதில்லை. புண்ணுக்கு மருந்து வைத்தாயிற்று, இன்னும் சாப்பாடு கொடுக்கவில்லை, அவ்வளவு மட்டும் சொல்கிறாள். நான் உள்ளே போக, அவள் வெளியே போகிறாள்.