படம் பார்த்தவர்களுக்குக் காலை, பார்க்காதவர்களுக்கு மாலை

சனிக்கிழமை, கடையிலிருந்து

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். அம்மா, உன் அண்ணி, நான் மூன்று பேரும் சௌக்கியம். நீ சௌக்கியமாக இல்லை என்பது உன் போன் அணைந்து கிடப்பதிலிருந்தே தெரிகிறது. நீ எடுத்த படம் வெளியான அன்றே உன் எடிட்டர் தோழி வீட்டில் போய் முடங்கிவிட்டாயாம். அவள்தான் கூப்பிட்டுச் சொன்னாள். “போனையும் தொட மாட்டேங்குறா, பேப்பரையும் தொட மாட்டேங்குறா. நீங்க கையால எழுதி அனுப்பினா படிப்பாண்ணா” என்றாள். சரி என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எனக்குத் தலையில்தான் கோடு நேராக வரும்.

தயாரிப்பாளர் விஷயமும் சொன்னாள். கொலைகாரன் யார் என்று வெளியே கசியக் கூடாது என்பதற்காக இரண்டு முடிவுகள் எடுத்து வைத்திருந்தீர்களாமே! அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை நீ. இப்போது முதல் நாள் கூச்சலில் அந்த மனுஷன் மிரண்டுபோய், டிரைவர் கொலைகாரன் என்கிற முடிவைத் தூக்கிவிட்டு, டாக்டர் கொலைகாரன் என்கிற முடிவை வரும் வியாழக்கிழமைக்குள் போட்டுவிடலாம் என்கிறாராம். நீ சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். நீயும் சொல்லிவிடுவாய் போலிருக்கிறதாம். அவசரப்படாதே. இங்கே நடப்பதை முதலில் கேள்.

புதன்கிழமை, முதல் நாள் முதல் காட்சிக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். தியேட்டரில் நிற்க இடமில்லை. போன படத்தில் துப்பு துலக்கிய டீச்சரம்மா திரையில் வந்ததும் ஒரு கைதட்டல் என்றால், அவருடைய டிரைவர் காரை விட்டு இறங்கியதும் கூரை பிய்ந்துகொண்டு போயிற்று. போன படத்தில் அவன் அடித்த ஜோக்கை எல்லாம் ஜனங்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்களே! இந்தப் படத்தில், அவர்கள் போய்த் தங்கும் மலை பங்களாவில் சமையல்காரம்மா செத்துக் கிடக்கிறாள். எல்லோருக்கும் அந்தச் சிடுமூஞ்சி டாக்டர் மேல்தான் கண். எனக்குப் பின்னால் ஒருவர் “டாக்டர்தான், எழுதித் தரேன்” என்று இடைவேளை முழுக்கத் தன் மனைவியின் உயிரை எடுத்தார்.

கடைசியில் டீச்சரம்மா மெதுவாகத் திரும்பி டிரைவரைப் பார்த்து, நீதான் என்றார். செத்தவள் அவனை விட்டு எப்போதோ ஓடிப்போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்த அவன் பெண்டாட்டி என்றதும் ஒரே ரகளை. “நம்ம டிரைவரா? சான்ஸே இல்ல!” என்று ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். ஒரு பெண் “இது ஏமாத்து வேலை” என்று கத்தினாள். பாப்கார்ன் டப்பா ஒன்று திரையை நோக்கிப் பறந்தது.  அம்மா மட்டும் மடியில் கை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். 

கடைக்கு வந்தால் அங்கே அதைவிட அமளி. படம் பார்த்தவர்கள் பேசாமல் இருக்க மாட்டேன் என்கிறார்கள், பார்க்காதவர்கள் காதைப் பொத்திக்கொண்டு முடி வெட்ட விட மாட்டேன் என்கிறார்கள். காதைப் பொத்தினால் கிருதாவை எப்படி எடுப்பது? கடைசியில் கண்ணாடி மேலேயே எழுதி ஒட்டிவிட்டேன்: படம் பார்த்தவர்களுக்குக் காலை, பார்க்காதவர்களுக்கு மாலை. மாலையில் வந்து கொலைகாரன் பேரைச் சொல்பவருக்குப் பாதிச் சவரம்தான், மீதியை வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். உன் அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் கடையில் உட்கார இடமில்லை. டைரக்டர் அண்ணன் கடை என்று வழி கேட்டு வருகிறார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நிற்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை.

காலைக் கூட்டத்தில் திட்டுகிறவர்கள் அதிகம். அதிலும் கணக்கு வாத்தியார் இருக்கிறாரே, தினமும் வருகிறார். தலையில் இருப்பதோ நாலு முடி. “ஒரு தடயம்கூடக் காட்டாம கடைசியில டிரைவர்னு சொன்னா எப்படிப்பா? நல்ல மனுஷனைக் கெடுத்துட்டாளே உன் தங்கச்சி” என்று வாதாடுகிறார். கழுத்தில் கத்தி வைத்துப் பார்த்தும் மனுஷன் விடவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. வியாழக்கிழமைவரை யாருக்கும் எதற்கும் தலையாட்டாதே.

இப்படிக்கு,
உன்னை நினைத்துத் தலைகால் புரியாமல் திரியும் அண்ணன்


செவ்வாய்க்கிழமை

தங்கச்சி,

என் முந்தின கடிதத்தைப் படித்துவிட்டு அழுதாய் என்று உன் தோழி சொன்னாள். இதைப் படித்தால் என்னை அடிக்க வருவாய். அதற்காகவாவது கிளம்பி வா.

ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். கணக்கு வாத்தியார் காலையில் வராமல் மாலையில் வந்து சேர்ந்தார். மாலை என்றால் பார்க்காதவர்கள் கூட்டம். மருந்துக்கடைக்காரர், அவர் மச்சான், பஸ் கண்டக்டர், இன்னும் பெஞ்சு நிறைய ஆட்கள். வாத்தியார் விதியை மீறவில்லை. பேரைச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே, “தடயம் இல்லாத படம், காசு தண்டம், யாரும் போகாதீங்க” என்றார். அவ்வளவுதான், எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“தடயம் இல்லையா சார்?” என்று பிடித்துக்கொண்டேன். “பங்களாவுக்கு வந்த உடனே, சாப்பிட உட்கார்றதுக்கு முன்னாடியே, இங்க எதுலயும் உப்பு கம்மியாத்தான் இருக்கும்னு டிரைவர் சொல்றானே, அது எப்படித் தெரியும் அவனுக்கு? அந்தக் கை சமையலை வருஷக்கணக்கா சாப்பிட்டவன் சார் அவன்! கொலை நடந்த நேரத்துல கார்ல பாட்டுச் சத்தம் கேட்டுச்சு, அதனால அவன் கார்லதான் இருந்தான்னு அத்தனை பேரும் சாட்சி சொல்றாங்களே, பாட்டுதானே கேட்டுச்சு, அவனை யாராவது பார்த்தாங்களா? சத்தத்தைக் கூட்டி வச்சிட்டு அவன் உள்ள போயிட்டான் சார்!” இப்படி ஒன்று விடாமல் சொல்லி முடித்து, ஜெயித்துவிட்ட பெருமையில் கண்ணாடியைப் பார்த்தேன். பெஞ்சில் ஒருவர் முகத்திலும் ஈ ஆடவில்லை. மருந்துக்கடைக்காரர் பாதி முகம் நுரையோடு, “அப்ப டிரைவர்தானா?” என்றார்.

நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பயன்? என் தங்கச்சி இத்தனை மாதம் கட்டிக் காத்த ரகசியத்தை நானே கடை நடுவில் போட்டு உடைத்தேன். நான் எழுதி ஒட்டிய விதிப்படி எனக்கே பாதிச் சவரம் என்று கண்டக்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒரு பக்க மீசையோடு வீட்டுக்குப் போனேன். உன் அண்ணி கதவைத் திறந்தவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

ஆனால் கேள். அந்த மாலைக் கூட்டம் டிக்கெட் எடுத்து வைத்திருந்தது. தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகிறது என்று மறுநாளே போய்ப் பார்த்தார்கள். நேற்று மாலை கடைக்கு வந்தார்கள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

மருந்துக்கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் துண்டைப் போர்த்தினேன். பிறகு, “முதல் சீன்ல இருந்தே அவன்தான்பா. அவன் ஜோக் அடிக்கிறான், மத்தவங்க எல்லாம் சிரிக்கிறாங்க, எனக்கு உடம்பு கூசுது. அந்தம்மா தட்டு வைக்கும்போது கை நடுங்குதே, அதை யாருமே பார்க்கலையே!” என்றார். கண்டக்டர், பாட்டுச் சத்தம் ஏறியபோது முன் வரிசை விசிலடித்தது, எழுந்துபோய் அறையலாமா என்று இருந்தது என்றார். காலைக் கூட்டத்துக்கும் இது எட்டிவிட்டது. இப்போது அவர்கள் எல்லோரும் இரண்டாம் தடவை போகிறார்கள், டிரைவரை மட்டும் பார்க்க! கணக்கு வாத்தியார் நேற்று இரவே போயிருந்தார். இன்று காலை வந்து, “தடயம் இருக்கு. நான்தான் பார்க்கலை. அவனைப் பிடிச்சுப்போனதால பார்க்கலை” என்றார். அந்த நாலு முடியை அவ்வளவு அன்பாக நான் வெட்டியதே இல்லை.

இனி எழுதப் போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

அந்தப் பாட்டு தியேட்டரில் ஏறியபோது அம்மா இருட்டில் என் கையைப் பிடித்தாள். எனக்குப் புரிந்தது. அப்பா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவாரே, அந்தச் சத்தம். அப்பா ஓட்டிய வேனில் ஏறி, அவர் அடித்த ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டே போன தெரு அது. சத்தம் கேட்டால், ஜாலியான குடும்பம் என்றுதான் நினைத்தார்கள். உள்ளே அம்மா அடி வாங்கிக்கொண்டிருந்ததும், நான் உன் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்ததும் யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு தடவை அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிப் பார்த்தாள். “அந்தத் தங்கமான மனுஷனா? சான்ஸே இல்ல” என்றார்கள். அதோடு அம்மா யாரிடமும் சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும், என் நாற்காலியில் உட்காருகிறவர்கள் உங்க அப்பா மாதிரி வருமா என்கிறார்கள். நான் சீப்பைத் தட்டிக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

நீ சும்மா இருக்கவில்லை. நம் வீட்டை எடுத்து, ஊரே கைதட்டிச் சிரித்து ரசிக்கிற மாதிரி ஒரு ஆளைக் காட்டி, அவன்தான் என்று சொன்னாய். கட்டிலுக்கு அடியில் என் கைக்குள் இருந்த பிள்ளையா இது என்று எனக்கு மலைப்பாக இருக்கிறது. உன் அண்ணன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இந்தக் கடை போதாது, தங்கச்சி.

நேற்று மாலை மருந்துக்கடைக்காரர் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா கடைப் பின்னறையில் துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கும் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன், வாசற்படி அருகே வந்து நின்று, அவர் கடைசி வார்த்தைவரை கேட்டாள். அழவில்லை. எல்லோருக்கும் டீ சொல்லிவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இன்று இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததும், வியாழக்கிழமை விஷயத்தை அவளிடம் சொன்னேன். டிரைவரை நல்லவனாக்கி, கொலையை டாக்டர் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றேன்.  அவள் சொன்னதாக உனக்கு ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன்.

“இந்தத் தடவை நம்பிட்டாங்கன்னு எழுது” என்றாள்.

எழுதிவிட்டேன். நீ நன்றாக இருப்பாய், உனக்கு ஒரு குறையும் வராது. அந்த முடிவை மட்டும் மாற்றிவிடாதே.

அம்மாவின் ஆசியோடு,
உன் அண்ணன்