ராஸ் அல் கைமாவில் நீ நிறுத்திய இயந்திரம்

பங்காளி,

இப்போது பள்ளி பஸ் ஓட்டுகிறேன். இன்று காலை பிள்ளைகளை அருங்காட்சியகத்தில் இறக்கிவிட்டேன். வெயில் தாங்காமல் நானும் உள்ளே போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நீலப் பூப்போட்ட சீனத் தட்டின் உடைந்த துண்டு. பக்கத்தில், இருபுறமும் வெட்டுப் போட்ட நான்கு கற்கள். நீ எடுத்த கற்கள். ‘கட்டுமானப் பணியில் கிடைத்தவை’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

ராஸ் அல் கைமா கடற்கரையில் குழாய்ப் பள்ளம் தோண்டிய நாள் அது. கருப்பு மண்ணோடு சிப்பியும் மீன் முள்ளும் அந்தத் தட்டுத் துண்டும் வந்தபோது நான் குப்பை என்றே நினைத்தேன். நீ பள்ளத்தில் குதித்து ஒரு கல்லைத் துடைத்துப் பார்த்தாய்.

“இது வலைக்கு அடியில கட்டுற கல்லு பங்காளி. தொண்டில எங்கப்பா இப்படித்தான் வெட்டிக் கட்டுவாரு. இங்க மீன்காரங்க குடியிருந்திருக்காங்க.”

ஜேசிபி மறுபடி இறங்கியது. நீ அதற்கு நேராகப் போய்க் கைகளை விரித்து நின்றாய். ஃபோர்மேன் ஓடிவந்து, “யார் நிறுத்தினது? ரெண்டு பேருமா?” என்று இந்தியில் கத்தினார். தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்த நேரம். வேலை போய்விடுமோ என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ என் பக்கம் திரும்பவேயில்லை.

“நான் மட்டும்தான்” என்றாய்.

சத்தம் கேட்டு வந்த இன்ஜினியர் தட்டுத் துண்டைப் பார்த்துவிட்டு யாருக்கோ போன் செய்தார். மூன்றாம் நாள் ஆய்வாளர்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு சீனப் பெண். அவர் நாட்டுக் கடலோரத்திலும் பழைய மீனவர் குடியிருப்புகளைத் தோண்டியவராம். அங்கே கிடைத்த கற்களைப் போனில் காட்டினார். அதே வெட்டு. நீ ஒரு கயிற்றை எடுத்து, கல்லைக் கட்டும் முடிச்சைப் போட்டுக் காட்டினாய். அவரும் போட்டுப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தியா, அவங்க ஊர்க்காரனும் இப்படித்தான் கட்டியிருப்பான்.” அன்று முழுக்க உன் முகத்தில் அந்தச் சந்தோஷம் இருந்தது.

மறுவாரமே உன்னை அபுதாபி பக்கம் முசஃபாவுக்கு மாற்றிவிட்டார்கள். நான் ஆய்வாளர்களோடு மண் அள்ள அங்கேயே இருந்தேன். போனில், “அன்னைக்கு நான் வாயைத் தொறக்கல” என்று சொன்னேன்.

“விடு பங்காளி. மெதுவாத் தோண்டு. முள்ளு ஒடஞ்சிரப் போகுது.”

இரண்டு மாதம் கழித்து, டூட்டிக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். எழுந்திருக்கவில்லை.

லீவில் தொண்டிக்குப் போய் உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் தலைகுனிந்தது உட்பட.

“அவரு அப்படிச் சொல்லலியேண்ணே. மிஷின் முன்னாடி நீங்களும் கூட நின்னீங்கன்னுல்ல சொன்னாரு.”

நீ சொன்ன அந்தப் பொய்யோடுதான் இன்னும் இருக்கிறேன், பங்காளி. இப்போதெல்லாம் எவனாவது தனியாக நின்று திட்டு வாங்கினால், என்ன ஏதென்று கேட்காமல் போய் அவன் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.