வியாழக்கிழமை நோன்பு

றிஸ்னாட வாப்பாவுக்கு,

உப்பளத்துக்கு வேலையாட்களை ஏற்றுகிற லொறி வந்துவிட்டது, போகிறேன். சுபஹு தொழுதுவிட்டுக் கண் அயர்ந்திருக்கிறீர்கள் என்று எழுப்பவில்லை.

குழையக் காய்ச்சின கஞ்சியை அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இன்றைக்கு வியாழன், சுன்னத்து நோன்பு என்று சொல்ல வேண்டாம்; அது விட்டாலும் குற்றமில்லாத நோன்புதான். வயிற்றில் மலம் போகக் கட்டியிருந்த பையை எடுத்துக் குடலைத் திரும்பப் பொருத்தின நாளிலிருந்து உங்களுக்குக் கக்கூசுக்கு ஓடப் பயம். ஓட வேண்டாம் என்றுதான் சாப்பிடாமல் இருக்கிறீர்கள். அந்தப் பயத்துக்கு நோன்பு என்று பேர் வைத்திருக்கிறீர்கள். அல்லாஹ்வுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சும்மா கெடந்த குடல், சாப்பாடு போட்டாத்தான் பழகும்" என்று காயத்துக்கு மருந்து கட்டுகிற கிளினிக் மிஸ்ஸி சொன்னது உங்கள் முகத்தைப் பார்த்துத்தான்.

மர்ஸூக் மச்சான் பார்க்க வருவார். படுத்திருக்கிற மாதிரி நடிக்காமல் கதவைத் திறவுங்கள்.

இராத்திரி நான் "பட்டினி கெடந்து மௌத்தாகுங்க" என்று கத்தினேன். அது கோபம் இல்லை. உங்கள் விலா எலும்பைக் கண்ட பயம்.

ஹவ்வா

இன்னொன்று. கழிச்சல் பட்ட சாரத்தை நீங்கள் ஒளித்துத் துவைத்து வேலிக்குப் பின்னால் காயப்போட்டதைக் கண்டேன். குனிந்து துவைத்தால் வெட்டின இடம் இழுக்கும். வாளியில் போட்டு வையுங்கள். அந்தப் பையை ஒவ்வொரு நாளும் கழுவின கை இது. சாரத்துக்கா அருவருக்கப் போகிறது?