நாலு கைப்பிடி ஓட்ஸ்

என் கண்ணான செல்லாயிக்கு,

வருகிற வியாழக்கிழமையோடு நீ போய் ஒரு வருசம் முடிகிறது. அன்றைக்கு உனக்கு இலை போட்டுப் படைக்கப்போகிறோம். அதற்கு முன்னால் உன்னிடம் சில விசயம் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு எழுத்து தெரியாதது நீ அறிந்ததுதானே. நான் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டுக் கம்பவுண்டர் எழுதுகிறார். படையல் முன்னால் நின்று, வந்தவர்கள் எல்லார் காதிலும் விழும்படி அவரே இதை வாசிக்கவும் போகிறார். பெண்டாட்டியிடம் தனியாகப் பேச வேண்டியதை ஊர் கேட்கப் பேசுகிறானே என்று கோபித்துக்கொள்ளாதே. அதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. யுத்தம் இன்னும் ஓயவில்லை. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியைப் போட்டு ஓட்டுகிறார்கள். பாதி நாள் அதுவும் இல்லை. அதனால் நம் ஜட்காவுக்குப் பழையபடி கிராக்கி. குதிரைக்குத்தான் வயசாகிவிட்டது, எனக்கும்தான். பசுவைப் பின்வீட்டு ராக்காயியிடம் கொடுத்துவிட்டேன். எனக்குக் கறக்க வரவில்லை, அதுவும் என்னைக் கண்டாலே காலைத் தூக்கியது. அரிசி அளந்துதான் கொடுக்கிறார்கள். அப்படியிருந்தும் இரண்டு பேருக்கு உலை வைத்துவிடுகிறேன். கை இன்னும் பழகவில்லை. மீந்ததில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் குடிக்கிறேன்.

போன வாரம் உன் தம்பி சுப்பையா ஆலங்குடியிலிருந்து வந்திருந்தான். படையலுக்கு என்ன வைப்பது என்று பேச்சு வந்தது. செத்தவர்களுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் இல்லையா? அவன் வடை, பாயசம், கருவாட்டுக் குழம்பு என்று விரலை மடக்கிக்கொண்டே போனான். நான், “ஓட்ஸ் பிஸ்கோத்து” என்றேன்.

“ஏன் மச்சான், எங்கக்கா என்ன தொரைசானியா? எலையப் பாத்துட்டு, வீடு மாறி வந்துட்டமோன்னு திரும்பிப் போயிரப் போவுது.”

“அவ சுட்டதுதானடா.”

“சுட்டுச்சு. தின்னுச்சா? நீங்க பாத்தீங்களா?”

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். நான் யோசித்துப் பார்த்தேன். என் ஞாபகம் பிசகாது என்பது உனக்குத் தெரியும். நீ வேலை பார்த்த வீட்டு டாக்டரம்மாவை ஒரு பிரசவம் பார்க்க அன்னவாசலுக்கு வண்டியில் கூட்டிப்போன அன்று, வழியில் எந்தப் புளியமரத்தடியில் குதிரைக்கு லாடம் கழன்றது என்று இன்றைக்கும் காட்டுவேன். அப்படிப்பட்ட எனக்கு, நீ ஒரு முழு பிஸ்கோத்தைக் கையில் வைத்துக் கடித்ததாக ஒரு ஞாபகமும் இல்லை. முழுசெல்லாம் எனக்கு, தெருவுக்கு, வந்தவருக்குப் போனவருக்கு. உடைந்த துண்டுகளை முந்தானையில் போட்டுக்கொண்டு அடுக்களை வாசல்படியில் போய் உட்கார்ந்துகொள்வாய். ஒன்று முழுசாக எடுத்துக்கொள்ளடி என்றால், “எனக்கு இதுதாங்க ருசி” என்பாய்.

உன் இலையில் ஒரு நாளாவது முழு பிஸ்கோத்து இருக்க வேண்டும், அதை நானே சுட வேண்டும் என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

அந்த வெள்ளைக்கார டாக்டரம்மா வீட்டில் நீ வேலைக்குச் சேர்ந்ததே என் வண்டியால்தான். அவர் ஊரிலிருந்து டப்பாவில் அடைத்து வந்த அந்தத் தட்டைத் தானியத்தில் அவர் பிஸ்கோத்து சுடுவதை நீ பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாய். அங்கே இருந்த மாதிரி அடுப்பு நமக்கு ஏது? இரும்புச் சட்டியில் வெள்ளாற்று மணலைப் பரப்பி, மணல் மேல் தட்டை வைத்து, மூடி போட்டு, மூடியின் மேலும் வரட்டித் தணலைக் கொட்டினாய். முதல் நாள் தெருவே வாசலில் வந்து நின்று மூக்கை உறிஞ்சியது. நான்தான், “எம் பொண்டாட்டி குதிரைத் தீனியச் சுட்டுப் போடுறா” என்று வண்டிப்பேட்டை வரைக்கும் போய்ச் சொல்லிச் சிரித்தேன். தங்கள் ஊரில் இதைக் குதிரைக்கும் போடுவார்கள் என்று டாக்டரம்மா சொல்லக் கேட்டிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டேன். நீ என்ன சொன்னாய்?

“இந்தாருங்க, வையிறதா இருந்தா வாயில இருக்கறத முழுங்கிட்டு வையுங்க.”

யுத்தம் வந்து அவர் கப்பல் ஏறியபோது உனக்குக் கொடுத்துவிட்டுப் போன டப்பாக்களில் ஒன்று பரணில் இருந்தது. மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி நீ அடைத்து வைத்திருந்ததால் ஒரு பூச்சி இல்லை. காய்ந்த திராட்சைக்கு நாட்டுமருந்துக் கடைக்குப் போனேன். கடையில் புதுசாக ஒருவன் இருந்தான்.

“யாருக்குப் பெரியவரே, வீட்ல யாருக்காச்சும் மேலுக்கு முடியலையா?”

“எம் பொண்டாட்டிக்கு.”

“என்ன செய்யுது?”

“செத்து ஒரு வருசம் ஆகுது.”

அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பொட்டலம் கட்டிக் கொடுத்தான்.

திங்கட்கிழமை காலையில் டப்பாவைத் திறந்து, துணைக்கு வந்த ராக்காயியிடம் கொடுத்துவிட்டு, குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பாதி ஓட்ஸ் அரிசி களைகிற சட்டியில் கிடக்கிறது. மூன்று தண்ணீர் ஊற்றிவிட்டாள்.

“என்னண்ணே இது, களையக் களைய வெள்ளையாவே வருது? கல்லு ஒண்ணுகூட இல்ல, அழுக்கு மட்டும் தீர மாட்டேங்குது.”

“அதக் களையக் கூடாது தாயி!”

“தானியத்தக் களையாம அடுப்புல ஏத்துவாகளா? இது எந்த ஊரு வழக்கம்ணே?”

அவளைத் திட்ட வாய் வரவில்லை. நீயும் முதல் தடவை டாக்டரம்மா வீட்டில் அதே காரியத்தைச் செய்து பேச்சு வாங்கியவள்தானே! குழைந்துபோனதை வாளியில் வழித்துக் குதிரை முன்னால் கொண்டுபோய் வைத்தேன். முகர்ந்தது. ஒரு தும்மல் போட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. குதிரைத் தீனி, குதிரைத் தீனி என்று எத்தனை வருசம் உன்னைக் கேலி செய்தேன். குதிரை தின்னவில்லை செல்லாயி! விழுந்து விழுந்து சிரித்தேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அந்தச் சிரிப்போடே உள்ளே திரும்பிவிட்டேன். அடுக்களை வாசல்படி காலியாக இருந்தது.

மறுநாள் யாரையும் கூப்பிடவில்லை. நீ செய்கிறதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! நாலு கைப்பிடி ஓட்ஸ், இரண்டு கைப்பிடி மாவு, ஒரு கைப்பிடி திராட்சை. வெண்ணெய் ஒரு கொட்டாங்கச்சி, நாட்டுச் சர்க்கரை ஒரு கொட்டாங்கச்சி, முட்டை ஒன்று, ஆப்ப சோடா ஒரு சிட்டிகை. எதை முதலில் குழைக்க வேண்டும், எதைக் கடைசியில் தூவ வேண்டும், ஒன்றும் தவறவில்லை. ஆனாலும் பிசையும்போதே மாவு சேராமல் உதிர்ந்தது. அழுத்தி அழுத்தித் தட்டி வைத்துச் சுட்டு எடுத்துத் தரையில் போட்டால் ஓட்டுச் சத்தம் கேட்கிறது. ராக்காயி வந்து ஒன்றை எடுத்துக் கடவாய்ப்பல்லில் வைத்துப் பார்த்தாள்.

“அண்ணே, இத அடுக்கிக் கூரை மேஞ்சா ஆயுசுக்கும் ஒழுகாது.”

எங்கே தப்பு? டப்பாவில் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் இருந்தது. அதுவும் வீணானால் வேறே டப்பா வாங்கக் கடை இல்லை. கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சுப்பையா சொன்ன மாதிரி வடையோடு விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். இரண்டு நாள் டப்பாவைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வெந்நீர் போடப் பின்பக்கம் வரட்டி எடுக்கப் போனேன். நீ தட்டிக் காயவைத்துச் சுவரோரம் என் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தது. எரித்து எரித்து, அடியில் மூன்றுதான் கிடந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். வெயில் சாய்வாக அதன்மேல் விழுந்தது.

அதில் உன் கை இருந்தது. ஐந்து விரலும் பதிந்து, கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் அழுத்தமாக.

என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். உன் கை முழுக்க மறைந்துபோய், அதற்கு மேலும் என் விரல்கள் நீட்டிக்கொண்டு நின்றன. நாலு கைப்பிடி என்றால் உன் கைப்பிடிக்கு நாலு. முட்டை எனக்கும் ஒன்றுதான், உனக்கும் ஒன்றுதான். நான் மண்வெட்டி மாதிரி அள்ளிப் போட்டால் மாவு எப்படிச் சேரும்?

உன் கை இத்தனை சின்னது என்று நான் கவனிக்கவே இல்லையா? கவனித்து, மறந்துவிட்டேனா? இரண்டில் எது மோசம் என்று நீயே சொல். வருசம் முழுக்க இந்தக் கைகளை ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்து வெந்நீர் போட்டுக் குளித்திருக்கிறேன். ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

அன்று முற்பகலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் மடக்கிக்கொண்டு அள்ளினேன். மாவு சொன்னபடி கேட்டது, உருட்டினால் உருண்டது. நெருப்புக்கு ராக்காயி தன் வீட்டு வரட்டியைக் கூடையில் கொண்டுவந்தாள். வேண்டாம் தாயி என்று அனுப்பிவிட்டேன். மூன்றில் இரண்டை எடுத்து நான் மூட்டினேன். வைக்கும்போது மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் உனக்குப் படைப்பதை உன் கைதான் சுட வேண்டும் என்று பட்டது.

வாசனை எழும்பிக் கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ராக்காயி குரல்.

“மதினி என்ன சுடுது?”

பழக்க தோசத்தில் கேட்டுவிட்டாள். நான் தணலைத் தள்ளிவிட்டு மூடியைத் திறந்தேன்.

நல்லபடியாக வந்தது செல்லாயி. ஓரம் சிவந்து, நடுவில் மெத்தென்று, உன் கைப்பக்குவம் அப்படியே. தட்டிலிருந்து எடுக்கும்போது இரண்டு உடைந்தன. உன் இடத்தில், அந்த வாசல்படியில், உட்கார்ந்து ஒரு துண்டைத் தின்றேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. திராட்சை எங்கே கும்பலாகச் சேர்ந்திருக்கிறதோ அந்த இடத்தில்தான் உடைகிறது. உடைந்த துண்டு முழுக்கத் திராட்சை! அடி கள்ளி! இத்தனை வருசம் உன்னை நினைத்து நான் பரிதாபப்பட்டேனே!

ருசிக்காகத்தான் எடுத்துக்கொண்டாயா? அல்லது, மிஞ்சியதைத் தின்று தின்றே அதில் ருசி கண்டுகொண்டாயா? கூடவே இருந்தபோது கேட்டிருக்கலாம். வாய் நிறைய வைத்துக்கொண்டு உன்னைக் கேலி பண்ணத்தான் எனக்குத் தெரிந்தது.

அதனால் உன் இலையில் ஒரு முழுசும் ஒரு துண்டும் வைக்கிறேன். உனக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள். வீட்டில் ஒரு தடவைகூடச் சொல்லாததை இப்போது இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். நன்றாக இருந்தது செல்லாயி. எல்லா நாளும் நன்றாகத்தான் இருந்தது.

ஊர் கேட்க எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது என்றேனே, அது அந்த மூன்றாவது வரட்டி. அதைத் துணியில் சுற்றி, காலியான ஓட்ஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் பரணில் வைத்திருக்கிறேன். சுப்பையா, இது நீ கேட்டுக்கொள்ள வேண்டியது. பிள்ளையில்லாத எனக்கு நாளைக்குக் கொள்ளி வைக்கப்போகிறவன் நீதான். என்மேல் மற்ற வரட்டிகளை எப்படி வேண்டுமானாலும் அடுக்கு. இந்த ஒன்றை மட்டும் என் நெஞ்சில், உங்கக்கா கை பதிந்த பக்கம் கீழே இருக்கும்படி வை.

இந்த இடத்தில் கம்பவுண்டர் பேனாவை நிறுத்திவிட்டார். “இதையும் எழுதணுமா பெரியவரே?” என்று கேட்டார். “அதத்தான் முக்கியமா எழுதணும்” என்றேன்.

அதுவரைக்கும் எந்த அடுப்புக்கும் அதைக் கொடுக்க மாட்டேன் செல்லாயி. மழைச் சாரல் அடித்தால் பரணில் இருந்து இறக்கி, நான் படுக்கிற பக்கம் வைத்துக்கொள்கிறேன்.

உன் கையளவை இப்போதுதான் தெரிந்துகொண்ட
உன் அத்தை மகன்
கருப்பையா