வாய் திறந்த வளையம்

பதுளை,
12.3.1957

அன்பின் லீலாவுக்கு,

நான் சுகம். நீரும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க முருகன் துணை. முறுக்கு டின் வந்து சேர்ந்தது.

தெமோதரையில் நான் படம் கீறிக் கொடுத்த தோட்டப் பள்ளிக்கூடத்தின் வாசல் முகப்புத் தட்டு, கீழே கொடுத்திருந்த முட்டுக் கம்புகளை எடுத்ததும் வெடித்துவிட்டது. நல்லகாலம், பிள்ளைகள் ஒருவரும் கீழே நிற்கவில்லை. விசாரித்து, கொங்கிறீட் போட்ட மேசன் அலவி பாஸை வேலையால் நிறுத்திவிட்டார்கள். சிமெந்தைக் குறைத்திருப்பார்.

உமது,
சிற்றம்பலம்

சாவகச்சேரி,
20.3.1957

அன்புள்ள அத்தானுக்கு,

முறுக்கு ருசியா என்று ஒரு வார்த்தை இல்லை, பொல்லாத மனுஷன்! கால் வீங்கியிருக்கிறது. மற்றபடி சுகம்.

அலவி பாஸின் மனைவி ஸல்மா எழுதியிருந்தார். பதுளையில் நான் மசக்கையில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சித் தந்தவர். "எஞ்சினியர் ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க தங்கச்சி" என்று கேட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துச் சிமெந்தில் களவெடுத்தவருக்காக என் புருஷன் வாய் திறக்கமாட்டார் என்று நறுக்கென்று பதில் போட்டேன். சரிதானே?

அன்புடன்,
லீலா

பதுளை,
25.3.1957

லீலா,

சரியில்லை. அலவி களவெடுக்கவில்லை. பிழை என்னுடையது.

அந்த முகப்புத் தட்டு, அதைத் தாங்கும் கொங்கிறீட் பீமின் ஒரு பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் பாரம் பீமை வளைக்கும்; ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கவும் செய்யும். நான் வளைவுக்குக் கணக்குப் பார்த்து, முறுக்கை விட்டுவிட்டேன். முறுக்கைத் தாங்க, உள்ளே கட்டும் கம்பி வளையங்கள் நாலு பக்கமும் மூடியிருக்க வேண்டும். நான் மேலே வாய் திறந்த வளையம் கீறினேன். அலவி இம்மியும் பிசகாமல் அப்படியே கட்டினார். வெடிப்பு பீமைச் சரிவாகச் சுற்றி ஓடியதைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது.

விசாரணையில் கலவையைப் பற்றிக் கேட்டார்கள். மூட வேண்டிய வாயைத் திறந்து கீறியவன், திறக்க வேண்டிய வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வெட்கத்தில் முறுக்கு டின்னை இன்னும் திறக்கவில்லை. உமக்கும் பொய் எழுதினேன். நீர் அதை நம்பினீரே, அதுதான் என்னைக் கொல்லுகிறது.

சிற்றம்பலம்

சாவகச்சேரி,
1.4.1957

அத்தான்,

அடுத்த பீமில் நீங்கள் வளையத்தை மூடுவீர்கள். நான் ஸல்மாவுக்கு எழுதியதை என்ன செய்வது? நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கிறது.

கந்தோரில் மேலதிகாரிக்கு உண்மையை எழுதிக் கொடுங்கள். பிறகு அந்த டின்னை ஸல்மா வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அவர் வாங்கினால், பிள்ளை பார்க்க வாருங்கள்.

லீலா

பதுளை,
9.4.1957

லீலா,

எழுதிக் கொடுத்துவிட்டேன். அலவியைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு இனித்தான் விசாரணை.

ஸல்மா டின்னை வாங்கவில்லை. கதவைச் சாத்தப் போனவர் நின்று, "தங்கச்சிக்குக் கால் வீங்கியிருக்கா ஐயா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "கொள்ளு அவிச்சுக் குடிக்கச் சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னதை உமக்குச் சொல்லிவிட்டேன். வரலாமா என்று கேட்க எனக்கு முகமில்லை.

சிற்றம்பலம்