ஜட்ஜின் மூட்டும் அத்தையின் மாத்திரையும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், என் புத்தியும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். உன் அத்தை ஊரெல்லாம் சொல்வதுபோல நான் நாய் மாத்திரையைத் தவறுதலாக விழுங்கவில்லை. தெரிந்தேதான் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். கான்வென்ட்டில் படித்தவள், சீட்டைப் படிக்காமல் எதையும் வாயில் வைக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். நீ என்னிடம் விட்டுப்போன நாய் ஜட்ஜுக்கு முன்னங்கால் மூட்டு வீங்கி, மாடிப்படிக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டான். தெருவே வைத்தியம் சொன்னது. தையல்காரர் சுளுக்கு என்றார், பால்காரர் வயசு என்றார், உன் அத்தை நான் போடும் சோற்றின் கொழுப்பு என்றாள். அதோடு விட்டாளா? கைப்பையிலிருந்து தன் முட்டிவலி மாத்திரையை எடுத்து, “எனக்குக் கேக்குதே, நாய்க்கு மட்டும் என்ன தனி முட்டியா அண்ணி?” என்று சோற்றில் பிசைந்தும் விட்டாள். தட்டைப் பிடுங்கிவிட்டு, இருவரையும் கால்நடை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அடிபட்டாலும் வீங்கும், வயதில் தேய்ந்தாலும் வீங்கும், எடை கூடினால் மூட்டு தாங்காது, ஆனால் இவனுக்குக் காய்ச்சலும் இருக்கிறதே என்று இரத்தம் எடுத்தார் அவர். உண்ணி கடித்து வந்த காய்ச்சல், மூட்டு வீங்கியதும் அதனால்தான். அத்தையின் மாத்திரையைக் காட்டினேன். “இதக் குடுத்திருந்தா வயிறு புண்ணாகி, கிட்னியும் போயிருக்கும். யாரோட யோசனைம்மா இது?” என்றார். உன் அத்தை சுவரிலிருந்த பூனைப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் நின்ற பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை ஜட்ஜ் துப்பித் துப்பிப் போட்டான். கசக்கிறதோ என்று நான் சோதித்த நேரம் பார்த்து உள்ளே வந்த உன் அத்தை, “ஐயோ, அண்ணிக்கு மூளை கலங்கிருச்சு!” என்று உனக்குப் போன் போட்டுவிட்டாள். கசப்புதான். இப்போது அவித்த முட்டைக்குள் புதைத்துக் கொடுக்கிறேன், சத்தமில்லாமல் விழுங்குகிறான்.

இந்த வீட்டைப் பூட்டி என்னை அங்கே கூட்டிப்போகவும், ஜட்ஜை யாரிடமாவது தள்ளிவிடவும் நீ முடிவெடுத்திருப்பதாக அத்தை சொல்கிறாள். இன்று காலை அவன் மாடி ஏறினான். பாதிப் படியில் நின்று, நான் வந்து சேரும்வரை காத்திருந்தான். என் முட்டியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம்.

உன் பூனையின் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தினமும் பார். வேளைக்குச் சாப்பிடு. இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ்க.

நானும் ஜட்ஜும் இங்கேயே இருக்கலாமா என்பதற்கு உன் கைப்பட ஒரு கடிதம் எழுது. போனில் சொன்னால் அத்தை அதை வேறு மாதிரி சொல்வாள்.

இப்படிக்கு,
அம்மா